பொட்டலத்துக்குள்ள உசுரு இருக்குதா?

“உயிர் உரம் போட்டுப் பாத்தாச்சு, ஒன்னும் தெரியலப்பா.” திண்டிவனம், விழுப்புரம் பக்கம் இந்தப் பேச்சை டீக்கடைக்கு டீக்கடை கேட்கலாம். சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் பல நேரம் அவர்கள் நிலத்தில் போட்டது வெறும் கரித்தூள். அதிலிருந்த உயிர், விதைக்கிற நாளுக்கு முன்னாடியே போய்ச் சேர்ந்திருக்கும். குறை உரத்தில் இல்லை, அதை வைத்திருந்த விதத்தில் என்பதுதான் என் கட்சி.

எங்க பக்கத்துப் பயிர் மல்லாட்டை. உங்களுக்கு வேர்க்கடலை. டி.எம்.வி. என்ற எழுத்தோடு வருகிற ரகங்கள் எல்லாம் திண்டிவனம் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்தின் பிள்ளைகள். அதில் டி.எம்.வி. 2 வந்தது 1940ல். மல்லாட்டை வேரில் சின்னச் சின்ன முடிச்சு இருக்கும். அதில் குடியிருக்கும் ரைசோபியம் என்ற நுண்ணுயிர் காற்றில் உள்ள தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கும். இந்த உயிரை வேர்முடிச்சிலிருந்து முதன்முதலில் தனியாகப் பிரித்தெடுத்தவர் ஹாலந்துக்காரர் பெய்யரிங்க், 1888ல். அப்போது அவர் வேலை பார்த்தது டெல்ஃப்ட் நகரத்து ஈஸ்ட், சாராயத் தொழிற்சாலையில். ஈஸ்ட்டோ ரைசோபியமோ, உறை கெடாமல் இருந்தால்தான் காரியம் நடக்கும்.

இது உங்களுக்குத் தெரியாத சங்கதி இல்லை. தயிருக்கு உறை எடுத்து வைக்கிறீங்க. இட்லி மாவு புளித்ததும் ஃபிரிட்ஜுக்குப் போகுது. எங்க ஊர்ப் பனையேறிகளைக் கேட்டால் இன்னும் தெளிவாகச் சொல்வார்கள். பானைக்குள் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் பதநீர், தடவாவிட்டால் மரத்திலேயே புளித்துக் கள். எதை வளரவிடணும், எதை நிறுத்தி வைக்கணும் என்பது நம்ம ஆளுங்களுக்குப் பழைய பாடம். அந்தப் பாடத்தை உரக்கடை வாசலில் மட்டும் ஏன் மறக்கிறோம்?

ஏன்னா, பொட்டலத்தில் வருவதால் அதையும் யூரியா மாதிரிச் சரக்கு என்று நினைக்கிறோம். யூரியா மூட்டை ஆறு மாசம் கிடந்தாலும், ஈரம் படாவிட்டால் யூரியாதான். உயிர் உரம் அப்படி இல்லை. தூளாக வருவதற்கு ஆயுள் சுமார் ஆறு மாசம், அதுவும் நிழலில், குளிர்ந்த இடத்தில் வைத்தால். தகரக் கூரைக் கடையில், சித்திரை வெயிலில், பூஞ்சாண மருந்து டப்பாவுக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்தால் அதன் கதி என்ன? சட்டம் இருக்கிறது. 2006ல் உயிர் உரங்களும் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் வந்தன. தூள் என்றால் கிராமுக்கு 5 கோடி உயிருள்ள செல்களாவது இருக்கணும். ஆலையை விட்டுக் கிளம்பும்போது இருந்தது நான் விதைக்கிற காலையிலும் இருக்குதா? எனக்கு வேண்டியது அந்தக் கணக்கு.

பொட்டலம் விலை குறைச்சல்தானே, போனால் போகுது என்பவர்களும் உண்டு. போவது பொட்டலக் காசு இல்லைங்க. மல்லாட்டை நூத்திச் சொச்சம் நாள் பயிர். முடிச்சு வைக்கவில்லை என்று ஒரு மாசம் கழித்துத் தெரிந்தால், விதையைத் தோண்டி எடுத்து மறுபடி நேர்த்தி பண்ண முடியுமா? யூரியா மூட்டையைத் தேடி ஓடணும். அடுத்த பட்டத்துக்கு அந்த ஆள் உயிர் உரம் பக்கமே தலைவைக்க மாட்டார். ஒரு செத்த பொட்டலம் ஒரு விவசாயியின் நம்பிக்கையையும் சேர்த்துக் கொண்டுபோகிறது.

அதனால் நான் கேட்பது பெரிசா ஒன்னும் இல்லை. ஆடிப்பட்டத்துக்கும் மார்கழிப் பட்டத்துக்கும் வேண்டிய உயிர் உரம், விதைக்கிற வாரத்தை ஒட்டி ஊருக்கு வரணும். மாசக்கணக்கில் முன்னாடி இறக்கி வெயிலில் போடக்கூடாது. தயாரித்த தேதி கண்ணுக்குத் தெரியுற எழுத்தில் இருக்கணும். விற்கிற இடத்தில் பூச்சிமருந்துக்கு ஒரு மூலை, இதுக்கு ஒரு மூலை.

வாங்கி வந்த பிறகு பொறுப்பு நம்மது. நான் ஈர மணல் மேல் வைத்த மண்பானைக்குள் போட்டு, வீட்டுக்குள்ளே நிழலில் வைக்கிறேன். விதைக்கிற அன்றுதான் பிரிப்பேன். எக்டேருக்கு 200 கிராம் பொட்டலம் மூன்று. ஆறின அரிசிக் கஞ்சியில் குழைத்து விதையில் பூசி, அரைமணி நேரம் நிழலில் உலர்த்தி, அன்றைக்கே விதைத்துவிடணும். ரசாயனப் பூஞ்சாண மருந்து கலந்த விதையில் இதைப் பூசுவது, பாலில் எலுமிச்சை பிழிந்துவிட்டுத் தயிருக்காகக் காத்திருப்பது மாதிரி.

மாடித்தோட்டம் போடும் நண்பர்களே, உங்களுக்கும் இதே கதைதான். கூரியரில் ரெண்டு வாரம் சுத்தி வந்த பொட்டலத்தை வாங்கியதும் முதலில் தேதியைப் பாருங்க. பழசு என்றால் திருப்பிக் கொடுங்க, வெட்கப்பட வேண்டாம். அவரையோ தட்டைப்பயறோ போட்டிருந்தால், முப்பதாம் நாள் ஒரு செடியைப் பிடுங்கி வேர்முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்க. உள்ளே ரத்தச் சிவப்பாக இருந்தால் உயிர் வேலை செய்கிறது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் செய்யவில்லை. இந்தச் சோதனைக்கு ஆய்வுக்கூடம் வேண்டாம், நகம் போதும்.