கடல் தின்ற வீட்டுக்கு எந்தப் பொத்தான்?

ஜெர்மனியின் வடகடல் துறைமுகமான பிரேமர்ஹாஃபனில் இரண்டு அருங்காட்சியகங்கள் நடந்துபோகும் தூரத்தில் இருக்கின்றன. 2005-இல் திறந்த ஒன்று, அத்துறைமுகம் வழியே வெளிநாடு போன 70 லட்சத்துக்கும் அதிகமானோரைப் பற்றியது. நுழைபவர் கையில் ஓர் அட்டை தருவார்கள். உண்மையாகவே கப்பலேறிய ஒருவரின் வாழ்க்கை அதில் இருக்கும். அவரைப் பின்தொடர்ந்து நெரிசலான கப்பல் அறையைக் கடந்து, நியூயார்க்கின் எல்லிஸ் தீவு விசாரணை வரை போகலாம். 2009-இல் வந்த மற்றொன்று காலநிலை பற்றியது. கிழக்குத் தீர்க்கரேகை 8 பாகையைப் பிடித்துக்கொண்டு நைஜர் வெயில், கேமரூன் காடு, அண்டார்டிகா குளிர் என்று நம்மை நடத்திச் செல்கிறது.

காலநிலை ஒரு கட்டடத்தில், இடப்பெயர்வு இன்னொன்றில். இன்றோ இரண்டும் ஒரே குடும்பத்துக்கு ஒன்றாக நேர்கின்றன. இரண்டையும் சேர்த்து ஒரு காட்சி அமைப்பதென்றால் அந்த அட்டையில் யார் இருக்க வேண்டும்?

வங்கதேசத்தின் குதுப்தியா தீவுக்காரர் ஒருவர் என்போம். 1991 ஏப்ரல் புயலில் அந்நாட்டுக் கரையில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தீவின் கரையும் அரித்துக்கொண்டே போனது. பலர் காக்ஸ் பஜார் கடலோரத்தில் குடியேறினர். அந்தக் குடியிருப்புக்கே குதுப்தியா பாரா என்று பெயர். கருவாடு காயவைத்துப் பிழைத்தவர்களுக்கு அடுத்த சோதனை விமான நிலைய விரிவாக்கம். அவர்களுக்காகக் குருஷ்குலில் மாடிக் குடியிருப்புகள் எழுந்தன. 2020 ஜூலையில் முதலில் 600 குடும்பங்கள் வீடு பெற்றன. வீடு கிடைத்தது நல்லதே. ஐந்து மாடிக் கட்டடத்தில் கருவாட்டை எங்கே காயவைப்பது?

இந்தக் கதையில் கப்பலும் இல்லை, கடவுச்சீட்டும் இல்லை. உலக வங்கியின் 2021 அறிக்கை, தக்க நடவடிக்கை இல்லையேல் 2050-க்குள் 21.6 கோடிப் பேர் வரை சொந்த நாட்டுக்குள்ளேயே இடம்பெயரக்கூடும் என்கிறது. ஆகவே காட்சியின் பெரும்பகுதி ஒரு வாடகை அறையாக இருக்கட்டும். மாட்டை விற்பதா, மூத்த மகனை மட்டும் நகரத்துக்கு அனுப்புவதா, வாப்பாவின் கபர் இருக்கும் மண்ணை விட்டு வர மறுக்கும் உம்மாவை என்ன செய்வது என்று பார்வையாளரே முடிவெடுக்கட்டும். தலையில் மாட்டும் கருவியில் வெள்ளத்தைக் காட்டினால் பிள்ளைகள் அதை ராட்டினம்போல ரசித்துவிட்டு ஓடிவிடுவார்கள்.

எல்லை கடக்கும் சிலருக்கென்று கடைசியில் ஒரு மேசை வேண்டும். அதில் ஐந்தே பொத்தான்கள்: இனம், மதம், தேசியம், சமூகப் பிரிவு, அரசியல் கருத்து. 1951 அகதிகள் ஒப்பந்தம் ஏற்கும் காரணங்கள் இவைதாம். கடல் வீட்டைத் தின்றது என்பவர் அழுத்துவதற்கு அங்கே பொத்தான் கிடையாது. கிரிபாட்டி தீவைச் சேர்ந்த ஐயோனே டெய்டியோட்டா நியூசிலாந்தில் புகலிடம் கேட்டு மறுக்கப்பட்டு, 2015-இல் திருப்பி அனுப்பப்பட்டார். ஐ.நா. மனித உரிமைக் குழுவும் 2020-இல் வெளியான முடிவில் அவர் முறையீட்டை ஏற்கவில்லை. ஆனால், காலநிலையால் உயிருக்கு ஆபத்துள்ள இடத்துக்கு ஒருவரைத் திருப்பி அனுப்புவது வருங்காலத்தில் சட்டமீறலாகலாம் என்று கதவைச் சற்றே திறந்து வைத்தது.

இன்னொன்று, செலவு யாருடையது? லண்டன் அறிவியல் அருங்காட்சியகம் 2021-இல் நடத்திய காலநிலைக் கண்காட்சிக்கு ஷெல் எண்ணெய் நிறுவனம் நிதி தந்தது, இளைஞர்கள் எதிர்த்தார்கள். இப்படிப்பட்ட இடங்களுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும்போது, நுழைவாயிலில் இருக்கும் புரவலர் பெயர்ப் பலகையையும் அவர்களுக்குப் படித்துக் காட்டுவோம்.