வகுப்பறைக்குள் கேமரா: பிள்ளைகளின் படங்களுக்கு யார் பொறுப்பு?

பள்ளிக்குக் கைப்பேசி கொண்டு வர மாணவர்களுக்கு அனுமதி இல்லை. ஆகவே தமிழ்ப்பள்ளிகளில் ஓயாமல் படமெடுக்கும் கேமரா பெரியவர்களின் கையில் இருப்பதுதான். சபைக்கூடல், விளையாட்டுப் போட்டி, பொங்கல் விழா, பரிசளிப்பு என எல்லாம் படமாகி, அன்று மாலைக்குள் பள்ளியின் முகநூல் பக்கத்துக்கும் பெற்றோர் புலனக் குழுவுக்கும் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. செயற்கை நுண்ணறிவை வகுப்பறைக்குள் விடலாமா என்று இப்போது சூடாக விவாதிக்கிறார்கள். அதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி, இந்தப் படங்களைப் பற்றியது.

ஆசிரியர்களை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் அது நியாயமாகாது. 150 பேருக்கும் குறைவாக மாணவர்கள் உள்ள பள்ளி 'குறைந்த மாணவர் பள்ளி' என வகைப்படுத்தப்படுகிறது. நாட்டிலுள்ள 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் பல இந்த வகைதான். தோட்டத்து மக்கள் பட்டணத்துக்குக் குடிபெயர்ந்துவிட்ட பிறகும் பழைய இடத்திலேயே நிற்கும் பள்ளி, அடுத்த ஆண்டின் முதலாம் வகுப்புக்குப் பிள்ளைகளைத் தேட வேண்டியிருக்கிறது. 'எங்கள் பள்ளியும் நன்றாக நடக்கிறது' என்று காட்ட அதற்குச் செலவில்லாமல் கிடைத்த விளம்பரப் பலகை முகநூல்தான். நன்கொடையாளரைத் தேடவும் அதே பலகைதான். பள்ளி பிழைத்திருக்கப் பிள்ளையின் முகம் தேவைப்படுகிறது. சிக்கல் தொடங்குவதும் அங்கேதான்.

2025 ஏப்ரலில் ஜோகூர், கூலாயில் 16 வயது மாணவன் ஒருவன் கைது செய்யப்பட்டான். தன் பள்ளியின் மாணவிகள், முன்னாள் மாணவிகள் ஆகியோரின் படங்களைச் செயற்கை நுண்ணறிவுச் செயலி கொண்டு ஆபாசமாக மாற்றி விற்றான் என்பது அவன் மீதான புகார். அதற்கு மூலப்பொருளாக இருந்தவை சமூக ஊடகங்களில் எவர் கண்ணுக்கும் கிடைக்கும் சாதாரணப் படங்கள். சீருடையில் சிரித்துக்கொண்டு நிற்கும் படத்தால் என்ன ஆகிவிடும் என்ற பழைய ஆறுதல் இனிச் செல்லாது.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று பெற்றோர் நினைக்கலாம். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 இருப்பது உண்மை. ஆனால் அது வணிகப் பரிவர்த்தனைகளுக்கானது. மத்திய, மாநில அரசாங்கங்களுக்கு அது பொருந்தாது என்று அதன் 3ஆவது பிரிவே சொல்கிறது. கட்டணம் வாங்கும் டியூஷன் நிலையமோ தனியார் பாலர் பள்ளியோ 18 வயதுக்குட்பட்ட பிள்ளையின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் பெற வேண்டும். கல்வியமைச்சின் நிர்வாகத்தில் இயங்கும் பள்ளி மீது அதே சட்டத்தைக் காட்டிக் கேள்வி கேட்பது கடினம். 2026 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த இணையப் பாதுகாப்புச் சட்டம் 2025, பெரிய சமூக ஊடக நிறுவனங்களின் மீது கடமைகளைச் சுமத்துகிறது. ஆனால் தனிப்பட்ட செய்திப் பரிமாற்றம் அதில் அடங்காது. அதாவது, வகுப்புப் புலனக் குழுவுக்குள் நடப்பது அதன் வரம்புக்கு வெளியே. தொடர்பு, பல்லூடகச் சட்டம் 1998, சிறாருக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டம் 2017 ஆகியவை கடுமையானவைதான். ஆனால் அவை தீங்கு நடந்த பிறகு குற்றவாளியைத் தேடும் சட்டங்கள். படத்தை ஏற்றுவதற்கு முன் நின்று யோசிக்கச் சொல்லும் வேலை, பள்ளியிடமே விடப்பட்டிருக்கிறது.

புலனக் குழுவில் படங்களைவிட ஆபத்தானவையும் உலவுகின்றன. ஏதேனும் ஓர் உதவித்தொகைக்கோ போட்டிக்கோ விவரம் கேட்டால், பெற்றோர் பிள்ளையின் மைகிட் அட்டையைப் படமெடுத்துக் குழுவிலேயே போட்டுவிடுகிறார்கள். சில வேளைகளில் முழு வகுப்பின் பெயர்ப் பட்டியலே அடையாள அட்டை எண்களோடு வந்து விழுகிறது. அந்த 12 இலக்கங்களில் முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், கடைசி இலக்கம் ஆணா பெண்ணா என்பதைச் சொல்லிவிடும். ஆயுள் முழுவதும் மாறாத எண் அது. ஆசிரியருக்குத் தனியாக அனுப்பியிருந்தால் முடிந்திருக்கும் வேலை!

இத்தனைக்கும் அமைச்சிடம் நல்ல முன்மாதிரி இருக்கிறது. 2020இல் தொடங்கப்பட்ட டெலிமா தளத்தில் மாணவரின் கணக்கு, 'எம்' என்ற எழுத்தையும் எண்களையும் கொண்டது. அதைப் பார்த்துப் பெயரையோ வயதையோ யாரும் ஊகிக்க முடியாது. பள்ளிச் சட்டையில் பெயரை நிரந்தரமாகத் தைக்காமல் கழற்றி மாட்டும்படி வைக்கலாம் என்று அமைச்சு சொன்னதும் பாதுகாப்புக்காகத்தான். வாசலைத் தாண்டும்போது பிள்ளை பெயர்ப்பட்டையைக் கழற்றிவிடுகிறது. பள்ளியின் பக்கத்திலோ அதே பிள்ளையின் படத்துக்குக் கீழே முழுப்பெயர், தந்தை பெயர், வகுப்பு எல்லாம் அச்சாகிக் கிடக்கிறது. குடும்ப வன்முறைக்கு அஞ்சி ஊர் மாறி வந்த தாய்க்கு, அந்த ஒரு வரி போதும் தலைவலிக்கு.

எல்லாவற்றிலும் மனத்தைத் தைப்பது உதவிப் படங்கள். புதிய பள்ளித் தவணை தொடங்கும்போது புத்தகப்பை, காலணி, சீருடை வழங்கும் நிகழ்ச்சிகள் தொடர்ந்து நடக்கும். பொது இயக்கங்களும் அரசியல்வாதிகளும் மேடையில் நிற்க, பிள்ளைகள் பையை உயர்த்திப் பிடிக்க வேண்டும். கீழே 'வசதி குறைந்த மாணவர்கள்' என்ற விளக்கம். கொடுத்தவருக்குக் கணக்குக் காட்டப் படம் வேண்டும், அது புரிகிறது. ஆனால் ஏழு வயதில் எடுத்த அந்தப் படம் அவன் இடைநிலைப்பள்ளிக்குப் போன பிறகும் தேடினால் கிடைக்கும். சக மாணவன் ஒருவன் அதைக் கண்டெடுத்து வகுப்பில் சுற்றுக்கு விட்டால், வாங்கிய பையின் விலையைவிட அதிகமாக அந்தப் பிள்ளை கொடுக்க நேரும். அடுக்கி வைத்த பைகளையும், முதுகைக் காட்டி நிற்கும் பிள்ளைகளையும் படமெடுத்தாலும் கணக்குச் சரியாகவே இருக்கும்.

தப்பாகப் பதில் சொல்லும் பிள்ளையையும், மழலையில் திருக்குறள் ஒப்பிக்கும் பிள்ளையையும் டிக்டாக்கில் போட்டுப் பார்வைகளை அள்ளுவதும் இதே ரகம்தான். சிரிப்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கலாம். சிரிக்கப்படுவது ஒரு பிள்ளை. 16 வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கப் போவதாக அரசாங்கம் 2025 நவம்பரில் அறிவித்தது. கணக்கு வைத்திருக்கவே வயது போதாத பிள்ளையின் முகத்தை, பெரியவர்கள் தங்கள் கணக்கில் வைத்து ஓட்டுவது முரண்.

இதற்குப் பணம் தேவையில்லை. 'படம் எடுக்கச் சம்மதமா' என்று பொதுவாக ஒரு கையொப்பம் வாங்குவதை விட்டு, வகுப்புக் குழுவுக்குச் சம்மதமா, பள்ளியின் பொதுப் பக்கத்துக்குச் சம்மதமா, நாளிதழுக்கும் வெளி இயக்கங்களுக்கும் சம்மதமா என்று தனித்தனியாகக் கேட்கலாம். மறுக்கும் பெற்றோரின் பிள்ளையை நிகழ்ச்சியிலிருந்து ஒதுக்கக் கூடாது. படத்திலிருந்து மட்டும் விலக்கினால் போதும். பாரம் மலாயில் மட்டும் இருந்தால் தோட்டத்துப் பாட்டி படிக்காமலே கையெழுத்திடுவார். தமிழிலும் ஒரு பக்கம் அச்சிட வேண்டும். சாதனை மாணவரை ஊரறியச் செய்யவும் வழி உண்டு. முகம் இருந்தால் முழுப்பெயர் வேண்டாம், முழுப்பெயர் இருந்தால் வகுப்பு விவரம் வேண்டாம். தன் பிள்ளையின் படத்தைத் தாமே பெருமையோடு பகிரும் பெற்றோரும், பக்கத்தில் நிற்கும் அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு அதே சம்மதம் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளலாம்.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் இதற்குப் பொருத்தமான இடம். பள்ளியின் பக்கத்தை நிர்வகிப்பவர் யார், கடவுச்சொல் எத்தனை பேரிடம் இருக்கிறது, மாற்றலாகிச் சென்ற ஆசிரியரின் சொந்தக் கைப்பேசியில் உள்ள படங்கள் என்ன ஆகின்றன, ஆறாம் ஆண்டு முடித்துப் போன பிள்ளையின் படத்தை நீக்க யாரிடம் சொல்வது? கணக்கறிக்கை முடிந்து தேநீருக்கு எழுவதற்கு முன், பத்து நிமிடத்தில் கேட்டுவிடலாம்.