பயன் ஊர்க்கு, நஞ்சு ஒரு மூலைக்கா?

சென்னை எறியும் குப்பையைப் பல்லாண்டுகளாகச் சுமந்தவை கொடுங்கையூரும் பெருங்குடியும். ஊர்க்கெல்லாம் ஒளிதரும் மின்னாக்கத்தின் சாம்பலை மூச்சில் வாங்குவது எண்ணூர். 1969-இல் மணலியில் எண்ணெய்த் தூய்விப்பாலை இயங்கத் தொடங்கிற்று; 1994-இல் வடசென்னை அனல்மின் நிலையமும், 2012-இல் வல்லூர் நிலையமும் அடுத்தடுத்து எழுந்தன. 2023 இறுதியில், பெருவெள்ளத்தோடு வந்த எண்ணெய்க் கசடு கொற்றலையாற்றுக் கழிமுகத்தில் பரவி, மீனவர்தம் வலையையும் படகையும் பாழாக்கிற்று.

ஆலையே வேண்டா என்பதன்று வழக்கு. 'அங்கே நிலம் மலிவு' என்பர் ஆள்வோர். அதனை மலிவாக்கியவை முன்னைய நச்சாலைகளே அல்லவா? சுமந்த ஊர்மேலேயே மேலும் சுமையேற்றாமை, அவ்வவ் வட்டாரக் குப்பையை அவ்வவ் வட்டாரத்திலேயே மக்கவைத்தல், இடந்தேருமுன் அங்கு வாழ்வாரைக் கேட்டல் ஆகிய இம்மூன்றுமே நடுவுநிலை. குரல் மெலிந்தார் வாழிடத்தையே குப்பைமேடாக்கும் அரசு மக்களரசாகாது!