போர்முனையில் ‘போர்’ அடித்தால்...

யுத்தம் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? குண்டுமழை, ரத்தம், வீரமரணம். சினிமாவில் அப்படித்தானே காட்டுகிறார்கள்! பட்டாளத்தில் இருந்து வந்தவர்களிடம் கொஞ்சம் உட்கார்ந்து பேசிப் பாருங்கள். சண்டை சில மணி நேரம்தான், அதற்காகக் காத்துக் கிடந்தது மாதக் கணக்கில் என்பார்கள். துப்பாக்கியைத் துடைப்பது, துடைத்ததையே மறுபடி துடைப்பது, தபால் வருமா என்று வழியைப் பார்ப்பது... இதுதான் பெரும்பாலான நாட்களின் பொழுது.

‘சித்த வைத்தியருக்கு மிலிட்டரி சமாசாரம் எதுக்கு?’ என்று கேட்பீர்கள். தீராத இருமலோடு என்னிடம் வருகிற முன்னாள் ராணுவத்தினரிடம், “சிகரெட் எப்போ ஆரம்பிச்சீங்க?” என்று கேட்பது வழக்கம். பயத்தில் பிடித்தேன் என்று சொன்னவர்கள் குறைவு. “அங்க பொழுதே போகாதுங்க ஐயா, அப்பப் பழகினதுதான்” என்பார்கள். குண்டடி படாமல் திரும்பியவரின் நெஞ்சை, வெறும் பொழுது பதம் பார்த்துவிட்டது. அதனால்தான் சலிப்பையும் ஒரு நோய்க்காரணம் என்கிறேன்.

இதற்குச் சிப்பாயை மட்டும் திட்டிப் பிரயோசனம் இல்லை. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவம் கொடுத்த ‘கே ரேஷன்’ உணவுப் பொட்டலத்தில், பிஸ்கட்டோடு சிகரெட்டும் இருந்தது. வேளைக்கு நாலு! உணவோடு சிகரெட் கொடுக்கும் இந்த வழக்கத்தை 1975-ல்தான் நிறுத்தினார்கள். சோறு போட்ட கையே நோயையும் பரிமாறியிருக்கிறது.

அதே ராணுவம் ஒரு நல்ல காரியமும் செய்தது. 1943 முதல் 1947 வரை, சட்டைப் பையில் அடங்குகிற மாதிரி 1,300-க்கும் மேற்பட்ட புத்தகங்களை அச்சடித்துச் சிப்பாய்களுக்கு இலவசமாகக் கொடுத்தது. மொத்தம் சுமார் 12 கோடிப் பிரதிகள்! 1925-ல் வெளிவந்து, பிறகு அதிகம் பேர் சீண்டாமல் கிடந்த ‘தி கிரேட் கேட்ஸ்பி’ நாவல் மட்டும் ஒன்றரை லட்சம் பிரதிகளுக்கு மேல் போனது. அது இன்றைக்குப் புகழோடு இருப்பதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். சிகரெட்டும் புத்தகமும் ஒரே சட்டைப் பையில்தான் இருந்தன என்பதைக் கவனியுங்கள்.

முதல் உலகப் போரில் இதைவிட ருசியான சம்பவம். 1916-ல் பெல்ஜியத்தின் ஈப்பர் நகரம் இடிந்து கிடந்தபோது, பிரிட்டிஷ் படையினர் சிலருக்கு இடிபாடுகளில் ஒரு அச்சு இயந்திரம் கிடைத்தது. தளபதிகளையே கேலி செய்து ஒரு பத்திரிகை ஆரம்பித்துவிட்டார்கள். பெயர் ‘வைப்பர்ஸ் டைம்ஸ்’. ஈப்பர் என்ற பெயர் அவர்கள் வாயில் நுழையாமல் ‘வைப்பர்ஸ்’ ஆகிவிட்டது! வேறு சிலர், வெடித்துத் தீர்ந்த பீரங்கிக் குண்டுகளின் பித்தளை உறையில் பூச்சாடி செய்தார்கள். கைக்கு வேலை இருந்தால் மனசு கண்ட இடத்தில் மேயாது.

வேலை கிடைக்காத மனசு எதைத் தேடும் என்பதற்கு வியட்நாம் போர் சாட்சி. 1971-ல் அங்கிருந்து திரும்பிய அமெரிக்க வீரர்களை ஆராய்ந்த லீ ராபின்ஸ் என்ற பெண்மணி, சுமார் ஐந்தில் ஒருவர் அங்கே ஹெராயின் போன்ற போதைக்கு அடிமையாகி இருந்ததைக் கண்டார். அந்த வாழ்க்கையைத் தாங்கிக்கொள்ள அது உதவியது என்று பலர் சொன்னார்கள். ஆச்சரியம் என்னவென்றால், ஊர் திரும்பிய முதல் வருடத்தில், அப்படி அடிமையானவர்களில் மறுபடி அதில் விழுந்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்தான். இடம் மாறியது, போதை கிடைப்பதும் அரிதானது, வீடு வாசல், வேலை என்று பொழுது நிரம்பியது. மருந்தால் மட்டும் சாதிக்க முடியாததைச் சூழ்நிலை சாதித்தது என்பேன்.

உங்கள் வீட்டில் ஓய்வுபெற்ற ராணுவத்தினர் இருந்தால், “நீங்க சும்மா உட்காருங்க, நாங்க பாத்துக்கறோம்” என்று அன்பாகக்கூடச் சொல்லாதீர்கள். தோட்டமோ, பேரன் பேத்திக்குப் பாடமோ, ஏதாவது ஒரு பொறுப்பு கொடுங்கள். பகல் தூக்கம் கூடாது என்று எங்கள் சித்த நூல்கள் சொல்வது அவருக்கும் பொருந்தும்.

எல்லையில் பிள்ளை இருக்கிறானா? லீவு முடிந்து கிளம்பும்போது முறுக்கும் அதிரசமும் கட்டிக் கொடுக்கிறீர்கள் அல்லவா, அந்தப் பையிலேயே நாலு கதைப் புத்தகமும் வையுங்கள். போனில் “சாப்பிட்டியா, உடம்பு எப்படி”யோடு வைத்துவிடாதீர்கள். எதிர்வீட்டுக் கல்யாணத்தில் யார் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் போனார்கள் என்பதுவரை சொல்லுங்கள். சிக்னல் கிடைக்காத இடம் என்றால் கடிதம் போடுங்கள், நாலு பக்கத்துக்குக் குறையாமல். ஒரே கடிதத்தைப் பத்து தடவை படிப்பான்.