1,000 கோடி டாலர்னு சொன்னாங்க, வந்தது எவ்வளவு? அமெரிக்காவின் 'டெக் ஹப்' திட்டத்தில் என்ன சிக்கல்?

அமெரிக்காவில் டெக்னாலஜி என்றாலே நமக்கு ஞாபகம் வருவது சிலிக்கான் வேலிதான். கணக்கும் கிட்டத்தட்ட அதையே சொல்கிறது. 2005 முதல் 2017 வரை அந்நாட்டின் உயர் தொழில்நுட்பத் துறைகளில் ஏற்பட்ட வேலைவாய்ப்பு வளர்ச்சியில் 90 சதவீதத்துக்கும் மேல் ஐந்தே பெருநகரங்களுக்குப் போயிருக்கிறது. பாஸ்டன், சான் பிரான்சிஸ்கோ, சான் ஹோசே, சியாட்டில், சான் டியேகோ. புரூக்கிங்ஸ் நிறுவனமும் ஐடிஐஎஃப் என்ற ஆய்வு அமைப்பும் சேர்ந்து 2019-ல் வெளியிட்ட அறிக்கை இது.

அப்போ மத்த ஊர்கள்? ஓஹியோ மாநிலத்தின் ஏக்ரானை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் 'உலகின் ரப்பர் தலைநகர்'. குட்இயர், ஃபயர்ஸ்டோன் எல்லாம் அங்கே பிறந்த கம்பெனிகள். டயர் உற்பத்தி வெளியேறிய பிறகு, பாலிமர் ஆராய்ச்சியில் பேர் வாங்கிய பல்கலைக்கழகம் மிஞ்சியது. இப்படிப்பட்ட ஊர்களுக்கு அரசுப் பணம் கொடுத்து, புதிய தொழில்நுட்ப மையங்களாக மாற்றுவதுதான் டெக் ஹப் திட்டம்.

சட்டத்தில் இருக்கு, கஜானாவில் இல்லை

2022 ஆகஸ்ட் 9-ம் தேதி அப்போதைய அதிபர் ஜோ பைடன் 'சிப்ஸ் மற்றும் அறிவியல் சட்டத்தில்' கையெழுத்திட்டார். அதில் டெக் ஹப் மையங்களுக்கு ஐந்து ஆண்டுகளில் 1,000 கோடி டாலர் என்று எழுதப்பட்டிருந்தது. இந்திய மதிப்பில் 80,000 கோடி ரூபாய்க்கு மேல்.

இங்கேதான் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் ஒரு திட்டத்துக்கு இவ்வளவு வரை செலவு செய்யலாம் என்று அனுமதிப்பது வேறு, அந்தப் பணத்தை ஒதுக்குவது வேறு. நம்ம ஊரில் சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்தும் நிதி ஒதுக்கி அரசாணை வராமல் கிடக்கும் திட்டங்கள் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம்.

அதே சட்டம், சிப் ஆலைகளுக்கான 3,900 கோடி டாலரை அப்போதே ஒதுக்கிவிட்டது. டெக் ஹப்புக்கு அனுமதி மட்டும்தான். ஒவ்வொரு ஆண்டும் நாடாளுமன்றத்திடம் போய் நிற்க வேண்டும். முதலில் கிடைத்தது 50 கோடி டாலர்.

31 ஊருக்குப் பட்டம், 12 ஊருக்குப் பணம்

2023 அக்டோபரில் 31 இடங்கள் டெக் ஹப் என அறிவிக்கப்பட்டன. 2024 ஜூலையில் அவற்றில் 12 இடங்களுக்கு மட்டும் மொத்தம் 50.4 கோடி டாலர் பிரித்துக் கொடுக்கப்பட்டது. ஏக்ரான், டல்சா போன்ற அதிகபட்சம் பெற்ற மையங்களுக்கு ஆளுக்கு 5.1 கோடி டாலர். தெற்கு ஃப்ளோரிடாவுக்கு 1.9 கோடி.

சின்னத் தொகை இல்லைதான். ஆனால் அந்த 2019 அறிக்கை கேட்டது என்ன? எட்டு முதல் பத்து நகரங்களை மட்டும் தேர்ந்தெடுங்கள், ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு 70 கோடி டாலர் வரை, பத்து வருஷம் கொடுங்கள் என்றது. கடைசியில் ஏக்ரானுக்கு வந்த மொத்தத் தொகை, அதில் ஒரு வருஷத்துப் பங்கில் சுமார் பதினான்கில் ஒன்றுதான். பத்து ஊருக்கு மட்டும் கொடுத்தால் மற்ற மாநில எம்.பி.க்கள் ஓட்டுப் போட மாட்டார்கள். எல்லோருக்கும் கொடுத்தால் யாருக்கும் போதாது. அரசியல் கணக்கு முதலாவதை விடாது என்பதால் இரண்டாவது நடந்தது.

அறிவித்த நிதி வாபஸ்

2024 டிசம்பரில் பாதுகாப்புத் துறை மசோதாவோடு சேர்த்து இன்னொரு 50 கோடி டாலருக்கு வழி செய்தார்கள். அலைக்கற்றை ஏலத்தில் வரப்போகும் வருமானத்தை நம்பிய ஏற்பாடு அது. 2025 ஜனவரி 14-ம் தேதி, டிரம்ப் பதவியேற்க ஆறு நாட்களே இருந்தபோது, மேலும் ஆறு மையங்களுக்கு 21 கோடி டாலர் அறிவிக்கப்பட்டது. அலபாமாவின் பர்மிங்ஹாமில் உயிரி தொழில்நுட்பம், ஸ்போக்கேனில் விமான பாகங்களுக்கான புதுவகைப் பொருட்கள், வெர்மாண்டில் காலியம் நைட்ரைடு சிப் எனப் பட்டியல் போனது.

மே மாதம் அதை ரத்து செய்தார் புதிய வர்த்தக அமைச்சர் ஹோவர்ட் லட்னிக். தேர்வு அவசர அவசரமாக, வெளிப்படைத்தன்மை இல்லாமல் நடந்தது என்பது அவர் சொன்ன காரணம். ஆறு மையங்களும் மறுபடி விண்ணப்பிக்கலாம் என்றார்.

எதிர்க்கட்சி மாநிலங்களைப் பழிவாங்கும் நடவடிக்கையா? அப்படிச் சொல்லிவிட முடியாது. அலபாமாவும் மிசோரியும் டிரம்ப் ஜெயித்த மாநிலங்கள், அவற்றின் மையங்களும் பட்டியலில் இருந்து போயின. அதேபோல, கடைசி ஒரு வாரத்தில் இவ்வளவு பெரிய தொகையை அறிவித்த பைடன் அரசும் இந்தக் கேள்விக்கு இடம் கொடுத்தது என்றே சொல்ல வேண்டும்.

இடி யார் தலையில்?

தொழில்நுட்ப மையம் என்பது ஒரு கட்டடம் கட்டி ரிப்பன் வெட்டும் வேலை இல்லை. ஆய்வக மெஷின், அதை இயக்கத் தெரிந்த டெக்னீஷியன், பயிற்சி கொடுக்கும் கல்லூரி, முதல் ஆர்டர் தரும் கம்பெனி எல்லாம் ஒரே நேரத்தில் வர வேண்டும். மத்திய அரசு பணம் நிச்சயம் என்று தெரிந்தால்தான் தனியாரும் மாநில அரசும் தங்கள் பங்கைப் போடுவார்கள். அறிவித்த தொகையே நாலு மாதத்தில் காணாமல் போனால், அடுத்த முறை யார் முதலில் பணத்தை எடுத்து வைப்பார்கள்?

வட கரோலினாவின் ரிசர்ச் டிரையாங்கிள் பார்க் தொடங்கியது 1959-ல். ஐபிஎம் வருகிறேன் என்று சொன்னது 1965-ல். நடுவில் ஆறு வருஷம் பெரும்பாலும் பைன் மரங்கள்தான். டெக் ஹப் திட்டத்துக்கோ, சட்டம் வந்து மூன்று வருஷம் முடிவதற்குள்ளேயே போட்டியை மறுபடி முதலில் இருந்து நடத்தும் நிலை.

2024-ல் பணம் அறிவிக்கப்பட்ட 12 மையங்களை இந்த ரத்து தொடவில்லை. சட்டத்தில் சொன்ன ஐந்து ஆண்டு 2027 நிதியாண்டோடு முடிகிறது. 1,000 கோடியில், இந்த இரண்டு தவணையிலும் வழி பிறந்தது சுமார் 100 கோடி டாலருக்குத்தான்.