வசூலாகாத சுங்கமும் வரவுதான்: சர்வதேச நிதி அறிக்கைத் தரநிலைகளின் வர்க்க முகம்

தில்லியையும் நொய்டாவையும் யமுனையின் குறுக்கே இணைக்கும் எட்டு வழிப் பாலத்தில் 2016 அக்டோபர் இறுதி முதல் எந்த வாகனமும் சுங்கம் செலுத்துவதில்லை. குடியிருப்போர் நலச் சங்கங்களின் கூட்டமைப்பு தொடுத்த பொதுநல வழக்கில், அக்டோபர் 26 அன்று அலகாபாத் உயர்நீதிமன்றம் வசூலை நிறுத்தி உத்தரவிட்டது. ஆனால் பாலத்தை நடத்திவந்த நொய்டா டோல் பிரிட்ஜ் நிறுவனத்தின் கணக்கேடுகளில், சுங்கம் வசூலிக்கும் உரிமை ஒரு சொத்தாகத் தொடர்ந்து வீற்றிருந்தது. சட்ட ஆலோசனையையும் ஒப்பந்தத்தின் இழப்பீட்டுப் பிரிவுகளையும் காட்டி, அச்சொத்தின் மதிப்பு குன்றவில்லை என்று நிறுவனம் தன் நிதி அறிக்கைகளில் குறிப்பெழுதியது. வசூல் பூஜ்யம், வசூலிக்கும் உரிமைக்கோ கோடிகளில் மதிப்பு.

இதை மோசடி என்ற ஒற்றைச் சொல்லில் கடந்துவிடலாகாது. மோசடி செய்பவர் விதியை மீறுகிறார். இங்கு விதியே இடமளிக்கிறது. எதிர்காலத்தில் எவ்வளவு வருவாய் வரும் என்பதை நிர்வாகமே மதிப்பிடலாம்; அதை இன்றைய மதிப்புக்குச் சுருக்கிக் கணக்கிடலாம்; சொத்து இன்னும் உயிரோடிருக்கிறதா என்பதையும் அதே நிர்வாகமே முதலில் தீர்மானிக்கலாம். தணிக்கையாளரின் வேலை அந்த அனுமானங்களைச் சோதிப்பது மட்டுமே. சர்வதேச நிதி அறிக்கைத் தரநிலைகள் என்று உலகெங்கும் போற்றப்படும் ஏற்பாட்டின் உட்கரு இதுதான்.

இத்தரநிலைகளை வகுப்பது எந்த நாட்டின் நாடாளுமன்றமும் அன்று. லண்டனிலிருந்து இயங்கும் ஒரு வாரியம் வகுக்கிறது. அதன் தாய் அமைப்பு, அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் பதிவுசெய்யப்பட்ட ஒரு தனியார் அறக்கட்டளை. நிதி அறிக்கை யாருக்காக என்ற கேள்விக்கு அவ்வாரியத்தின் அடிப்படை ஆவணம் ஒளிவுமறைவின்றி விடையளிக்கிறது: முதலீட்டாளர்களுக்காக, கடன் கொடுத்தோருக்காக. நிறுவனத்தில் உழைப்பவருக்கோ, அதன் கட்டணத்தைச் செலுத்தும் பொதுமக்களுக்கோ முதன்மைப் பயனாளர் வரிசையில் இடமில்லை. காங்கிரஸ் தலைமையிலான ஆட்சியில் திட்டமிடப்பட்ட இந்த மாற்றத்தை 2015 பிப்ரவரியில் மோடி அரசு அறிவிக்கையாக வெளியிட்டது. 2016 ஏப்ரல் 1 முதல் 500 கோடி ரூபாய் நிகர மதிப்புள்ள நிறுவனங்களுக்கும், மறு ஆண்டு முதல் 250 கோடிக்கு மேற்பட்டவற்றுக்கும் அது கட்டாயமாயிற்று. ஆட்சி மாறியது, எசமானர்கள் மாறவில்லை.

இத்தரநிலைகளின் செல்லச் சொல் ‘நியாய மதிப்பு’. நியாய விலைக் கடை என்னும்போது, விலையைச் சந்தையின் பிடியிலிருந்து மீட்டு அரசு நிர்ணயிப்பதைத் தமிழ் மக்கள் பொருள்கொள்கின்றனர். கணக்கியலில் நியாயம் என்பது சந்தை சொல்லும் விலை. சந்தையே இல்லாத சொத்தாயின், நிறுவனம் தன் சொந்த அனுமானங்களைக் கொண்டு போடும் கணக்கே நியாயமாகிவிடும். இதற்கென ‘மூன்றாம் நிலை’ என்று ஒரு படிநிலையே உண்டு. இரு வர்க்கங்களின் வாயில் ஒரே சொல் எவ்வளவு தொலைவு விலகிப்போகிறது!

பொது–தனியார் கூட்டு என்ற பெயரில் போடப்படும் சாலைகளுக்கு வருவோம். ஒரு நிறுவனம் அரசிடமிருந்து சுங்கம் வசூலிக்கும் உரிமை பெற்றுச் சாலை அமைக்கிறது. கட்டுமானக் காலத்தில் அதற்கு ஒரு ரூபாய் சுங்கமும் வருவதில்லை. ஆயினும் தரநிலையின்படி அது அரசுக்குக் கட்டுமானச் சேவை வழங்குகிறது. அதற்கு ஈடாக ‘புலனாகாச் சொத்து’ ஒன்றைப் பெறுகிறது. எனவே கட்டுமானச் செலவோடு ஒரு லாப விகிதத்தையும் சேர்த்து அப்போதே வருவாயாக எழுதிக்கொள்ளலாம். பின்னர் சாலை திறக்கப்பட்டு வசூலாகும் சுங்கமும் வருவாயே. ஆக, ஏட்டில் காட்டப்படும் மொத்த வருவாய் கையில் வந்த பணத்தைவிட அதிகம். இதை வாரியமே அறிந்துதான் ஏற்றுக்கொண்டது.

திட்டத்தின் முழு ஆயுளையும் கூட்டிப் பார்த்தால் நிகர லாபம் ஒன்றுதான் என்று கணக்காளர்கள் மறுமொழி கூறுவர். கூட்டல் சரி. ஆனால் முப்பதாண்டு முடிவில் நேராகப்போகும் கணக்கில், முதல் சில ஆண்டுகளிலேயே லாபம் தோன்றிவிடுகிறது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழமொழி. நிதி மூலதனத்தின் சமையலறையில் அது நன்றாகவே உதவுகிறது: அதைக் காட்டிக் கடன் வாங்கலாம், உயர்ந்த தரமதிப்பீடு பெறலாம், நிர்வாகிகளுக்கு ஊக்கத்தொகை அளிக்கலாம். எதிர்கால வருவாயின் மீதான உரிமைச் சீட்டுகள் தாமே மூலதனமாக வேடம் பூணுவதை மார்க்ஸ் ‘மூலதனம்’ மூன்றாம் பாகத்தில் கற்பனை மூலதனம் என்று இனங்கண்டார். அன்று பங்குச் சீட்டிலும் அரசுக் கடன் பத்திரத்திலும் இருந்த கற்பனை, இன்று கணக்கியல் விதியாகவே நிலைபெற்றுவிட்டது.

நொய்டா பாலத்தின் 1997ஆம் ஆண்டு ஒப்பந்தத்தைப் படித்தால் இக்கற்பனையின் வேர் தெரியும். திட்டச் செலவின் மீது ஆண்டுக்கு 20 சதவீத வருவாய் உறுதியளிக்கப்பட்டது. அந்த அளவு வசூல் எட்டாத ஆண்டில், பற்றாக்குறை திட்டச் செலவோடு சேர்க்கப்படும். அடுத்த ஆண்டு அதற்கும் 20 சதவீதம். சுமார் 400 கோடியில் கட்டப்பட்ட பாலம், மக்கள் எவ்வளவு கட்டியும் தீராத கடனாயிற்று. கந்துவட்டிக்காரருக்குப் புரியாத சூத்திரம் எதுவும் இதில் இல்லை. இந்த வாய்பாடு ஒப்பந்தத்தினுடையது, தரநிலையினுடையதன்று. ஆனால் அந்த ஒப்பந்தம் நியாயமானதா என்று கேளாமல், அது தந்த உரிமைக்குச் சொத்து என்ற மதிப்பைத் தரநிலை வழங்கியது. நிறுவனம் செலவையும் கணிசமான லாபத்தையும் ஏற்கெனவே ஈட்டிவிட்டது, இனி வசூலிக்க நியாயமில்லை என்று 2024 டிசம்பர் 20 அன்று உச்சநீதிமன்றம் உயர்நீதிமன்றத் தீர்ப்பை உறுதிசெய்தது. கணக்கேடுகள் கேட்காத கேள்வியை நொய்டாவின் குடியிருப்போர் கேட்டனர்.

அப்பாலத்தை உருவாக்கிய குழுமம் ஐஎல் அண்ட் எஃப்எஸ். 1987இல் சென்ட்ரல் பேங்க், யூனிட் டிரஸ்ட், எச்டிஎஃப்சி ஆகியவை தோற்றுவித்தது. எல்ஐசி அதன் மூலதனத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைக் கொண்டிருந்தது. 2018இல் அது கடன் தவணைகளைத் தவறத் தொடங்கியபோது, குழுமத்தின் கடன் 90,000 கோடியைத் தாண்டியிருந்தது. கிளை நிறுவனங்களோ முந்நூறுக்கும் மேல். ஒருசில மாதங்களுக்கு முன்புவரை அதன் பத்திரங்கள் உச்சத் தரமதிப்பீடு பெற்றிருந்தன. அந்த மதிப்பீட்டை நம்பியே தொழிலாளர்களின் வருங்கால வைப்பு நிதி அறக்கட்டளைகள் பல அவற்றை வாங்கியிருந்தன. 2018 அக்டோபரில் இயக்குநர் குழு நீக்கப்பட்டது. 2019 ஜனவரி 1 அன்று, தாய் நிறுவனம், அதன் நிதிப் பிரிவு, போக்குவரத்துப் பிரிவு ஆகியவற்றின் முந்தைய ஐந்தாண்டுக் கணக்குகளைத் திறந்து மீண்டும் எழுதத் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் அனுமதித்தது. ஜூன் மாதம் உச்சநீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. பெரும் தணிக்கை நிறுவனங்கள் கையெழுத்திட்ட ஏடுகள் அவை.

தரநிலைகள் மூலதனத்தைச் சுடும் இடமும் ஒன்றுண்டு. கடன் வாராமற்போகும் வரை காத்திராமல், எதிர்பார்க்கப்படும் இழப்பை முன்கூட்டியே ஒதுக்க அவை வலியுறுத்துகின்றன. வங்கிகளுக்கு இது பொருந்தியிருந்தால், பெருங்கார்ப்பரேட்டுகளுக்கு அளித்த கடன்களின் உண்மை நிலை முன்னரே ஏட்டில் ஏறியிருக்கும். 2019 மார்ச்சில் ரிசர்வ் வங்கி, சட்டத் திருத்தங்கள் பரிசீலனையில் உள்ளன என்று கூறி, வங்கிகளுக்கு அவற்றை மறு அறிவிப்பு வரை தள்ளிவைத்தது. வரவை முன்தேதியிட எத்தடையும் இல்லை. இழப்பை முன்தேதியிடத்தான் சட்டத் திருத்தம் வேண்டியிருக்கிறது!

2021 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட தேசியப் பணமாக்கல் திட்டம் 6 லட்சம் கோடி ரூபாய்ப் பொதுச் சொத்துகளைக் குறிவைத்தது. அதில் சாலைகள் மட்டும் 26,700 கிலோமீட்டர், 1.6 லட்சம் கோடி. பல்லாண்டுச் சுங்கத்தை இன்றைய விலைக்குச் சுருக்கும் அதே கணக்கு இங்கு முழு நாட்டின் நெடுஞ்சாலைகள் மீது நடத்தப்படுகிறது. எத்தனை வண்டி ஓடும், என்ன வட்டி விகிதத்தில் சுருக்கினார்கள், எந்த விகிதத்தில் லாபம் சேர்த்தார்கள் என்ற அனுமானங்கள் நிறுவனத்தின் கணினியில் அடைபட்டிருக்கலாகாது. ஒவ்வொரு ஒப்பந்தமும் அதன் வருவாய் மதிப்பீடும் நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்பட வேண்டும். சுங்க வசூல் முழுவதும் சிஏஜி தணிக்கைக்கு உட்பட வேண்டும். செலவும் நியாயமான லாபமும் ஈட்டப்பட்ட நாளில் சாவடி மூடப்பட வேண்டும். நெடுஞ்சாலைப் போராட்டங்களில் நம் தோழர்கள் ஏந்தும் கோரிக்கைப் பட்டியலில் இம்மூன்றும் இடம்பெற வேண்டும்.