கரிவலம்வந்தநல்லூர் வட்டார மக்களை வெயிலிலிருந்தும் அதனால் வரும் நோய்களிலிருந்தும் காக்கக் கோரும் மனு

அனுப்புநர்
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
ஊர்ப் பொதுமக்கள் நலச் சங்கம்,
கரிவலம்வந்தநல்லூர்,
சங்கரன்கோவில் வட்டம், தென்காசி மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
தென்காசி.

நாள்: 10.03.2025, திங்கள்கிழமை (மக்கள் குறைதீர்க்கும் நாள்)

பொருள்: கோடை வெப்பம் – விவசாயக் கூலிகள், நூறுநாள் வேலையாட்கள், தறி மற்றும் தீப்பெட்டித் தொழிலாளர் உடல்நலம் – வெப்ப நோய்களைப் பதிவு செய்தல், வேலை நேர மாற்றம், குடிநீர், மருத்துவ ஏற்பாடுகள் கோருதல் – தொடர்பாக.



இந்த வட்டாரத்தின் பஞ்சபூதத் தலங்களில் சங்கரன்கோவில் மண்ணுக்கும், தாருகாபுரம் நீருக்கும், தென்மலை காற்றுக்கும், தேவதானம் ஆகாயத்துக்கும் உரியவை. பால்வண்ணநாதர் குடிகொண்டிருக்கும் எங்கள் ஊர் நெருப்புக்கு உரியது. கத்திரி வெயிலில் களையெடுத்துப் பழகிய ஊர் இது. பழகியவர்களே தாங்க முடியாமல் சுருண்டு விழும் நிலை வந்துவிட்டதால்தான் இந்த மனுவோடு தங்கள் முன் நிற்கிறோம்.

அளவெடுக்கத் தொடங்கிய காலம் முதல் இதுவரை கண்ட ஆண்டுகளில் 2024தான் மிக வெப்பமான ஆண்டு என்றும், தொழிற்புரட்சிக்கு முந்தைய காலத்தைவிட உலகின் சராசரி வெப்பம் அவ்வாண்டில் சுமார் 1.55 டிகிரி செல்சியஸ் கூடியிருந்தது என்றும் உலக வானிலை அமைப்பு கடந்த ஜனவரியில் அறிவித்தது. அதற்கு முன்பே, 2024 அக்டோபரில், தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் உயிரிழப்போர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணமும் உண்டு என ஆணையிட்டது. அதை மனமார வரவேற்கிறோம். ஆனால் அந்த ஆணையின் பயன் எங்கள் வாசல்வரை வர வேண்டுமானால், வெயிலால் வந்த நோயை வெயிலால் வந்தது என்று முதலில் யாராவது ஒரு பதிவேட்டில் எழுத வேண்டும். அந்த எழுத்து இல்லாததே எங்கள் முதல் குறை. மற்றவை அதன் பின்னால் வருகின்றன.

வெயிலில் நிற்பவர்கள்

எங்கள் சுற்றுவட்டாரத்தில் மானாவாரிக் கரிசலிலும் கிணற்றுப் பாசனத்திலும் கூலி வேலை செய்வோரில் பெரும்பாலோர் பெண்கள். நூறுநாள் வேலைக்குப் போவோரிலும் அவர்களே அதிகம். கண்மாய்க் கரையிலும் வாய்க்காலிலும் மண்வெட்டியோடு நிற்கும் அவர்களுக்கு நிழல் என்பது தலையில் போட்ட துண்டுதான்.

நூறுநாள் வேலையில் செல்பேசிச் செயலி வழியாக வருகைப்பதிவு வந்தபின் ஒரு புதிய சிக்கல் சேர்ந்துள்ளது. காலையில் ஒரு படம், நான்கு மணி நேரம் கழித்து இன்னொரு படம் எடுக்க வேண்டும். முதல் படம் ஒன்பதரைக்கு எடுக்கப்பட்டால் இரண்டாவது படத்துக்கு மதியம் ஒன்றரை ஆகிவிடும். வேலை முடிந்தாலும் படத்துக்காக உச்சி வெயிலில் காத்துக் கிடக்க வேண்டியிருக்கிறது.

கூரைக்குக் கீழே இருப்பவர்கள் நிலையும் வேறல்ல. சங்கரன்கோவில் பகுதி தறிக்கூடங்களிலும் தீப்பெட்டி ஆபீசுகளிலும் பலவற்றுக்குச் சிமெண்ட் ஷீட்டோ தகரமோதான் கூரை. தறி ஓட ஓட இயந்திரச் சூடும் சேர்கிறது. தீப்பற்றும் பொருட்களுக்கு நடுவே, தீப்பெட்டி ஆபீசில் காற்றாடியைக்கூட யோசித்துத்தான் போட முடியும். வீட்டிலும் அதேபோன்ற ஷீட்டுக்கு அடியில்தான் இரவில் படுக்க வேண்டும். பகலில் பட்ட சூடு ஆற இரவு இடம் கொடுக்காவிட்டால் மறுநாள் வேலைக்கு எழும் உடம்பு பாதி உடம்பாகத்தான் இருக்கும்.

வேலையிடத்தில் கழிப்பறை இல்லாததால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். நீர்க்கடுப்பும் சிறுநீர்ப் பாதைத் தொற்றும் அங்கிருந்து தொடங்குகின்றன. ஆண்டுக்கணக்கில் இப்படியே போனால் சிறுநீரகம் கெடும். எல் சல்வடோர், நிகரகுவா நாடுகளின் கரும்புக் காடுகளில் சர்க்கரை நோயோ ரத்தக்கொதிப்போ இல்லாத இளம் தொழிலாளர்கள் சிறுநீரகம் பழுதாகி இறந்தபோது, கடும் வெயிலில் நீரிழப்போடு உழைத்ததே முக்கியக் காரணங்களில் ஒன்றாக மருத்துவர்கள் கண்டார்கள். தண்ணீர், ஓய்வு, நிழல் மூன்றையும் முறைப்படுத்திய தோட்டங்களில் பாதிப்பு குறைந்தது.

கருவுற்ற பெண்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவன ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து, கடும் வெப்பத்தில் வேலை செய்வோருக்குக் கருச்சிதைவு அபாயம் ஏறத்தாழ இருமடங்கு எனக் கண்டறிந்துள்ளனர். ஆறு மாத வயிற்றோடு பருத்தி எடுக்கப் போகும் பெண்கள் எங்கள் பகுதியில் இன்றும் இருக்கிறார்கள்.

எழுதப்படாத நோய்

காட்டில் மயங்கி விழுபவரை மரத்தடிக்குத் தூக்கி வந்து, முகத்தில் தண்ணீர் தெளித்து, சோடா வாங்கிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவதே எங்கள் வழக்கம். மருத்துவமனைக்குப் போனாலும் சீட்டில் 'மயக்கம்' அல்லது 'காய்ச்சல்' என்று இருக்கும். முதியவர் இறந்தால் 'மாரடைப்பு', 'வயோதிகம்'. அன்றைய வெயில் எந்தச் சீட்டிலும் வராது. கணக்கில் வராத சாவுக்கு நிவாரணம் கேட்க முடியாது. கணக்கில் வராத நோய்க்கு மருந்தும் ஒதுக்கப்படாது.

அகமதாபாத்தில் 2010 மே மாத வெப்ப அலையின்போது வெயிலால் இறந்ததாக எழுதப்பட்டவர்கள் மிகச் சிலரே. பின்னர் மற்ற ஆண்டுகளின் மே மாதத்தோடு மொத்தச் சாவுகளை ஒப்பிட்டபோது 1,344 பேர் கூடுதலாக இறந்தது தெரியவந்தது. அந்தக் கணக்குதான் 2013இல் அந்நகரை நாட்டிலேயே முதலாவதாக வெப்பச் செயல் திட்டம் வகுக்க வைத்தது. எங்கள் ஊருக்கும் அப்படியொரு கணக்கு வேண்டும்.

இன்னொன்றையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறோம். சமவெளியில் வெப்பம் 40 டிகிரியைத் தொட்டு, வழக்கமான அளவைவிட 4.5 டிகிரி கூடினாலோ, நேராக 45 டிகிரியை எட்டினாலோதான் வானிலைத் துறை அதை வெப்ப அலை என்கிறது. அந்த அளவும் காற்றோட்டமுள்ள நிழற்பெட்டிக்குள் எடுக்கப்படுவது. 38 டிகிரி என்று செய்தியில் வரும் நாளில் வரப்பில் நிற்பவர் உடம்பில் படும் சூடு வேறு. ஆகவே வெப்ப அலை அறிவிப்பு வந்தபின்தான் நடவடிக்கை என்றால், எங்கள் வேலையாட்களுக்கு அது பெரும்பாலும் வரவே வராது.

தண்ணீரும் கொசுவும்

கோடையில் குழாயில் தண்ணீர் வரும் இடைவெளி கூடக் கூட, வீட்டில் குடமும் டிரம்மும் சிமெண்ட் தொட்டியும் பெருகும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுவது இந்த நல்ல தண்ணீரில்தான். வெப்பம் கூடினால் கொசு விரைவாக வளரும். அதன் உடம்பில் வைரஸும் விரைவாகப் பெருகும். 2012இல் தமிழ்நாட்டில் 12,826 பேருக்கு டெங்கு வந்து 66 பேர் இறந்தபோது, மிகக் கடுமையாக அடிபட்டது அன்றைய திருநெல்வேலி மாவட்டம். இன்று நம் மாவட்டத்தில் உள்ள கடையநல்லூர் அப்போது பட்ட பாட்டை யாரும் மறக்கவில்லை.

மழையும் முன்போல இல்லை. 2023 டிசம்பரில் தென்மாவட்டங்களை வெள்ளம் மூழ்கடித்தது. 2024 மே 17 அன்று கோடை நடுவிலேயே பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து ஒரு மாணவனின் உயிரைக் கொண்டுபோனது. வறட்சிக்குச் சேமித்த தொட்டியிலும், வெள்ளத்துக்குப் பின் கலங்கி வரும் குழாயிலும் நோய் ஒரே வீட்டுக்குத்தான் வருகிறது.

எங்கள் கோரிக்கைகள்

1. மார்ச் முதல் ஜூலை வரை, வட்டாரத்தின் எல்லா அரசு மருத்துவ நிலையங்களிலும் மயக்கம், நீரிழப்பு, வெப்பவாதம் ஆகியவற்றுக்கு வருவோரிடம் 'எங்கே, எத்தனை மணிக்கு, என்ன வேலை' என்று கேட்டுத் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும். தனியார் மருத்துவமனைகளும் இக்கணக்கைத் தர வேண்டும். ஊராட்சிவாரியாக மாதந்தோறும் நடந்த மொத்த இறப்புகளை முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிட்டு வெளியிட வேண்டும்.

2. வேலையிடத்தில் வெயிலால் இறந்ததாக ஐயம் எழுந்தால், வட்டாட்சியரும் மருத்துவ அலுவலரும் உடனே விசாரித்துச் சான்றளிக்க வேண்டும். 4 லட்சம் ரூபாய் நிவாரணத்துக்கு விண்ணப்பிக்கும் முறையைக் கிராம நிர்வாக அலுவலகங்களில் எழுதி வைக்க வேண்டும்.

3. ஏப்ரல் முதல் ஜூன் வரை நூறுநாள் வேலையைக் காலை 6 மணிக்குத் தொடங்கி, முதல் படத்தை 6.30க்கும் இரண்டாவதை 10.30க்கும் எடுத்து 11 மணிக்குள் அனைவரையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். பணி அளவைக் குறைத்து முழுக் கூலி வழங்க வேண்டும். நிழற்பந்தல், குடிநீர், உப்புச் சர்க்கரைக் கரைசல், பெண்களுக்கு மறைவிடம் இல்லாத இடத்தில் வேலை தொடங்கக் கூடாது.

4. தறிக்கூடங்கள், தீப்பெட்டி ஆபீசுகள், செங்கல் சூளைகளில் மதியம் 12 முதல் 3 வரை ஓய்வு தரும்படி முதலாளிகளையும் தொழிலாளர்களையும் அழைத்துப் பேசி உடன்பாடு காண வேண்டும். கத்தாரில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 மணி முதல் பிற்பகல் 3.30 வரை வெளிவேலைக்குச் சட்டப்படி தடை உண்டு. நம் மாவட்டத்து இளைஞர்களுக்கு அங்கே கிடைக்கும் நிழல் சொந்த மண்ணில் அவர்கள் தாய்மாருக்கும் கிடைக்க வேண்டும்.

5. வெப்பவாதத்தில் முதல் அரை மணி நேரத்துக்குள் உடம்பைக் குளிரவைப்பதே உயிர்காக்கும் வைத்தியம். ஆகவே ஆரம்ப சுகாதார நிலையங்களில் பனிக்கட்டி, காற்றாடியுடன் கூடிய குளிர்விப்புப் படுக்கை, ஏற்றுவதற்குரிய திரவங்கள், மின்தடையிலும் இயங்கும் மின்வசதி ஆகியவை இருக்க வேண்டும். 108 ஊர்தியிலும் குளிர்விக்கும் பொருட்கள் வேண்டும்.

6. மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் ரத்தக்கொதிப்பு, சர்க்கரை மாத்திரை பெறுவோர் பட்டியல் வீட்டு முகவரியோடு ஏற்கெனவே இருக்கிறது. நீர் வெளியேற்றும் மாத்திரை உட்கொள்வோருக்கும் தனித்திருக்கும் முதியோருக்கும் வெயில் கூடுதல் ஆபத்து. கடும் வெயில் நாட்களில் அந்தப் பட்டியலைக் கொண்டே வீடுவீடாக விசாரித்தால் புதிய செலவில்லை.

7. வெயிலில் வேலை செய்வோர் அனைவருக்கும் ஆண்டுக்கு ஒருமுறை சிறுநீர்ப் புரதம், ரத்தக் கிரியாட்டினின் பரிசோதனை செய்ய வேண்டும். கருவுற்றது பதிவாகும்போதே அந்தப் பெண்ணின் வேலையையும் கேட்டெழுதி, கோடையில் நிழலான மாற்று வேலை தர வேண்டும்.

8. குடிநீர் வரும் நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். மூடியுள்ள தொட்டிகளை மானியத்தில் தர வேண்டும். கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர்களை மழைக்காலத்துக்கு மட்டுமன்றி ஆண்டு முழுதும் நியமிக்க வேண்டும்.

9. அங்கன்வாடி, பள்ளி, தொகுப்பு வீடுகளின் கூரைகளுக்கு வெண்சுண்ணாம்போ வெப்பம் தடுக்கும் வெள்ளைப் பூச்சோ அடிக்க வேண்டும். பேருந்து நிறுத்தங்களிலும் கண்மாய்க் கரைகளிலும் வேம்பு, புங்கை, புளி நட வேண்டும்.

10. எங்கள் ஊர் ஆவணித் தபசு, சங்கரன்கோவில் ஆடித் தபசு விழாக் கூட்டங்களுக்குத் தண்ணீர்ப் பந்தலும் மருத்துவக் குழுவும் நிரந்தர ஏற்பாடாக வேண்டும்.

மேற்கண்டவற்றில் பலவற்றுக்குத் தேவை ஒரு சுற்றறிக்கை மட்டுமே. மற்றவற்றுக்கு, வெப்ப அலை பேரிடராகிவிட்டதால், மாநிலப் பேரிடர் நிதியை நாட வழியுண்டு. தங்கள் தலைமையில் இயங்கும் மாவட்டக் காலநிலை மாற்ற இயக்கத்தின் அடுத்த கூட்டத்தில் இம்மனுவைப் பொருளாக வைத்து, எங்கள் சங்கத்திலிருந்து இரு பெண் தொழிலாளர்களைப் பேச அழைக்குமாறும் கேட்டுக்கொள்கிறோம்.

அக்னி நட்சத்திரம் மே 4 அன்று பிறக்கிறது. இன்றிலிருந்து 55 நாட்கள் இருக்கின்றன. முதல் ஆறு கோரிக்கைகளையேனும் அதற்குள் நிறைவேற்றித் தருமாறும், எடுக்கப்பட்ட நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவிக்குமாறும் பணிவுடன் வேண்டுகிறோம். பதிவேட்டைத் தாங்கள் திறந்து வைத்தால், வீடுவீடாகச் சென்று விவரம் சேகரித்துத் தர எங்கள் உறுப்பினர்கள் ஆயத்தமாக இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(தலைவர்) (செயலாளர்) மற்றும் உறுப்பினர்கள்

இணைப்பு: உறுப்பினர்கள், பொதுமக்கள் கையொப்பப் படிவங்கள்

நகல்:
மாவட்ட சுகாதார அலுவலர், தென்காசி
வட்டாட்சியர், சங்கரன்கோவில்
வட்டார வளர்ச்சி அலுவலர் (கிராம ஊராட்சிகள்), சங்கரன்கோவில்
தொழிலாளர் துறை அலுவலர், தென்காசி